கத்திக்கு ஒரு வேலை

வேலப்பனுக்குக் கடைசியில் ஒரு குதிரை கிடைத்தது.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிகளில் ஒன்றின் குதிரை, வலது முன்னங்காலைத் தரையில் சரியாக ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. வேலப்பன் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தான். மான்கொம்புப் பிடி போட்ட ஜெர்மன் மடக்குக் கத்தி. பெரிய அலகு, சின்ன அலகு, தகர டப்பா திறக்கும் நாக்கு, பாட்டில் தக்கை பிடுங்கும் திருகு எல்லாம் அதற்குள் அடக்கமாக மடங்கிப் படுத்திருந்தன. கூடவே கோணலாக ஒரு கொக்கியும் இருந்தது. குதிரைக் குளம்பில் மாட்டிக்கொண்ட கல்லைத் தோண்டி எடுப்பதற்காம். அதை விற்ற கப்பல் எஞ்சினியர் தானே குதிரை போலக் காலைத் தூக்கிக் காட்டி விளக்கியிருந்தார்.

"நைனா, உன் குதிரைக்குக் கால்ல கல்லு கீது."

"கல்லு இல்ல, கொழுப்பு கீது. உனக்கு இன்னா வோணும்?" என்றார் வண்டிக்காரர்.

"நான் எடுத்து வுடறேன். காசு வாணாம்."

காசு வேண்டாம் என்கிற ஆளை ராயபுரத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள். வண்டிக்காரர் சந்தேகத்தோடு கீழே இறங்குவதற்குள் வேலப்பன் குனிந்து குளம்பைத் தொட்டுவிட்டான். குதிரை பின்னால் நகர்ந்தது. வண்டி சாய்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த காசிமேட்டு அம்மாளின் கூடை கவிழ்ந்து, அத்தனை சங்கரா மீனும் வேலப்பனின் தலைமேல் இறங்கியது.

"கஸ்மாலம்! குதிரைக்கு வைத்தியம் பாக்கற மூஞ்சியப் பாரு!" என்றாள் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசனையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கெங்கம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னிக்கும் கத்திக்கு வேலை கெடைக்கலியா?"

வேலப்பன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கோடு போடுவதுதான் வேலை. பிறந்ததிலிருந்து அவன் கையில் இருந்தவை எல்லாம் இன்னொருவர் பயன்படுத்திக் கழித்தவை. சைக்கிள் மாமனாருடையது. குடை அண்ணனுடையது. செருப்புகூடச் செத்துப்போன ஒரு பங்காளியுடையது. அந்தக் கத்தியைக் கப்பல் தளத்தில் முதலில் பார்த்தபோது, எஞ்சினியர் அதை விரித்து, 'டக்' என்று மூடிய சத்தத்தில் அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது. நாற்பது ரூபாய். தையல் மிஷினுக்காகக் கெங்கம்மா அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்த பணம் முழுவதும் போயிற்று.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கத்தியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"முதல் தேதி சாயங்காலம் வரைக்கும் டைமு. என் அருவாமனையால ஆவாத வேலை ஒண்ணே ஒண்ணு, உருப்படியா, இது செஞ்சிட்டா நீயே வெச்சுக்க. நான் மூச்சு வுட மாட்டேன். இல்லாங்காட்டி உங்க வால்டர் தொரை கேட்டுகினே கீறாரே, அவராண்ட குடுத்துட்டு என் பணத்தக் கொண்டாந்துடு."

"சத்தியமா?"

"சத்தியமா."

வால்டர் துரை அவனுடைய ஆபீஸ் சூப்பரிண்டெண்டு, ஆங்கிலோ இந்தியர். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர். சுதந்திரம் வந்த பிறகு அவருடைய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா போய்விட, அவரும் குடும்பத்தோடு இரண்டாம் தேதி காலையில் கப்பல் ஏற இருந்தார். கத்தியைப் பார்த்ததிலிருந்து, "வேலப்பா, போட்ட பணம் தர்றேன் மேன். அங்கே மீனெல்லாம் பெரிசு. இந்தக் கத்திதான் சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு வேலப்பன் கத்திக்கு வேலை தேட ஆரம்பித்தான். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் தம்பிக்கு அலைவதுபோல அலைந்தான்.

பென்சில் சீவினான். கத்தி இருந்த கூர்மைக்கு, சீவுகிறோம் என்பதே தெரியாமல் பாதிப் பென்சில் போய்விட்டது. பக்கத்து வீட்டில் இருமல் மருந்து பாட்டிலின் தக்கை இறுகிக்கொண்டது என்று கேள்விப்பட்டு, திருகை விரித்துப் பிடித்தபடி தெருவில் ஓடினான். அப்போது மதுவிலக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எதிரே வந்த போலீஸ்காரர் அந்தத் திருகைப் பார்த்தார். வேலப்பனைப் பார்த்தார்.

"இன்னா, எங்க பார்ட்டி?"

"பார்ட்டி இல்லீங்க, இருமலுங்க."

"யாருக்கு?"

"பக்கத்து வூட்டுக்காரருக்குங்க."

"அவருக்கு இருமல்னா நீ இன்னாத்துக்கு ஓடுற? வாய ஊது."

ஊதினான். ஸ்டேஷனில் போயும் ஊதினான். அவன் திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பல்லால் தக்கையைக் கடித்து இழுத்து, மருந்தையும் குடித்துத் தூங்கியிருந்தார்.

இந்த வைபவங்களையெல்லாம் துறைமுகம் முழுக்கப் பரப்பியவன் பக்ருதீன். வேலப்பன் குடியிருந்த அதே வளவில், குழாயடிக்கு அந்தப் பக்கத்து வீடு அவனுடையது. துறைமுகக் கொட்டகையில் மூட்டைகளின் தையலைப் பிரித்துச் சரக்கைப் பார்ப்பது அவன் வேலை. அதற்காக இடுப்பில் சணல் கயிறு கட்டி ஒரு கத்தி தொங்கும். மூர் மார்க்கெட்டில் நாலணாவுக்கு வாங்கியது.

"மாமு," என்பான் பக்ருதீன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேட்கும்படி. "உன் கத்தி நாப்பது ரூபா. என்னுது நாலணா. உன்னுது இன்னா, வெட்டுன கயித்த மறுபடி ஒட்ட வெக்குமா?"

"பாய், உன் கத்தி கயித்த அறுக்கும். என் கத்தி அறுக்கறது கயித்துக்கே தெரியாது."

"அப்ப அது பாவம், வேலை செய்யறது அதுக்கே தெரியாது போலக் கீது."

இப்படி இருக்கும்போது பக்ருதீனின் மனைவி ஷம்ஷாதுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஆண் குழந்தை. மருத்துவச்சி தங்கபுஷ்பம் வெளியே வந்து சேதி சொன்னதும் பக்ருதீன் குழாயடியிலேயே குதித்தான். வேலப்பனும் கத்தியின் வருத்தத்தை மறந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினான். காலையில் மறந்து மாடத்தில் வைத்துவிட்டுப் போன கத்தியைக் காணவில்லை.

"கெங்கா! கத்தி எங்க?"

"ஷம்ஷாது தலகாணிக்கு அடில."

"இன்னாது?"

"புள்ள பெத்தவ தலமாட்டுல இரும்பு வெக்கணும்ல? தங்கபுஷ்பம்மாதான் சொன்னாங்க. தொறந்த கத்தி வெச்சா கொழந்த மேல பட்டுடும், மடக்குக் கத்திதான் வெக்கணும், நல்லா இறுக்கமா மூடிக்கிற கத்தியா இருந்தாதான் நல்லதுன்னாங்க. நம்மாண்டதான கீது. குடுத்தேன்."

"எப்ப குடுப்பாங்க?"

"நாப்பது கழிச்சு."

வேலப்பன் மனக்கணக்குப் போட்டான். நாற்பது நாள் கழிவதற்குள் அடுத்த மாதமே முடிந்துவிடும். முதல் தேதிக்கு இருந்தது ஒரு வாரம்தான்.

"அடிப் பாவி! அது அங்க மாட்டிகினா நான் எப்படி அதுக்கு வேலை காட்டறது?"

"அங்க கீறதே வேலைதானேய்யா," என்றாள் கெங்கம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "தாயையும் புள்ளையையும் காவல் காக்குது. என் அருவாமனையத் தலகாணிக்கு அடில வெக்க முடியுமா?"

"தலகாணி அடில தூங்கறது ஒரு வேலையா? ஜெர்மனிக்காரன் கேட்டா தூக்கு மாட்டிக்குவான்! கத்தின்னா அறுக்கணும், கெங்கா. நீ பிளான் பண்ணித்தான் அத்த அங்க தள்ளியிருக்கே. முதல் தேதி வரைக்கும் என் கையில சிக்கக் கூடாதுன்னு."

கெங்கம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். அந்தப் பார்வையை வேலப்பன் கையும் களவுமாகப் பிடிபட்டவளின் பார்வை என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் கொட்டகையில் பக்ருதீன் சும்மா இருப்பானா?

"அண்ணாத்தே, எல்லாரும் கேளுங்க! வேலப்பன் கத்திக்கு வேலை கெடைச்சிடுச்சு! எங்க வூட்ல படுத்துத் தூங்குற வேலை! என் நாலணா கத்தி இங்க மாடு மாதிரி ஒழைக்குது, நாப்பது ரூபா மகாராசா மெத்தையில படுத்துகினு கீறாரு!"

அந்தச் சிரிப்பில் வேலப்பனின் காது சிவந்துவிட்டது. எப்படியாவது கத்தியை மீட்டு, முதல் தேதிக்குள் அதை ஓர் அறுப்பாவது அறுக்க வைப்பது என்று முடிவு செய்தான்.

பக்ருதீன் வீட்டில் அப்போது அதிகாரம் அவன் அக்காள் ரஹீமுன்னிசாவின் கையில் இருந்தது. தம்பி மனைவியின் பிள்ளைப்பேற்றுக்காகத் தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால், அவளைக் கேட்காமல் காற்றுகூட உள்ளே போகாது.

"அக்கா, அந்தக் கத்தி..." என்று இழுத்தான் வேலப்பன்.

"அல்லா உனக்கு நல்லது செய்வான் தம்பி. அது வந்ததுலேருந்து கொழந்த ஒரு சிணுங்கல் இல்ல."

"அது இல்லக்கா. ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும்..."

"நாப்பது கழியாம இரும்ப எடுக்கலாமா? இன்னா பேச்சு பேசுற?"

சரி, இரும்புக்கு இரும்பு கொடுத்துவிடலாம் என்று வேலப்பன் தன் வீட்டில் தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ரஹீமுன்னிசா வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

"கால்மாட்டுக்கு ஒண்ணு இல்லியேன்னு நெனச்சிகினே இருந்தேன். நீயே கொண்டாந்துட்டே. தங்கமான மனசு!"

அன்று இரவு கெங்கம்மா தேங்காயைக் கருங்கல்லில் மோதி உடைத்தாள். ஒரு மூடி சாக்கடையில் போய் விழுந்தது.

அடுத்தநாள் வேறு வழியில் போய்ப் பார்த்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதே. அது சீமைக் கத்தி. நம்ம ஊரு காத்துக் கருப்பு, ஜின்னு, ஷைத்தானுக்கெல்லாம் அந்தக் கத்தி பாஷை புரியுமா?"

ரஹீமுன்னிசா சிரித்தாள். "நாம குந்திகினு கீறது ஹார்பராண்ட, தம்பி. இங்க வர்றதெல்லாம் கப்பல்ல வர்ற ஜின்னு. கப்பல்ல வந்த ஜின்னுக்குக் கப்பல்ல வந்த கத்திதான் லாயக்கு."

அந்த வியாக்கியானம் வளவு முழுக்கப் பரவிவிட்டது. வரும்படி உள்ள ஒரு மரக்கடைக்காரர், தன் மகளுக்கும் மாதம் ஆகிவிட்டது, இங்கே நாற்பது முடிந்ததும் கத்தி தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்து யார் என்பதில் இரண்டு வீடுகளுக்குள் சண்டையே வந்தது.

கெங்கம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. குழாயடியில் எல்லாருக்கும் அவளே கத்தியின் பெருமையைச் சொன்னாள். "நாப்பது ரூபான்னா சும்மாவா? வாங்கறப்போ எனக்கே கோவம்தான். இப்பப் பாரு, எத்தினி வூட்டுக்கு ஒதவுது!"

பணத்தையும் வாங்கிக்கொள்ளப் போகிறாள், கிண்டலும் வேறு செய்கிறாள் என்று வேலப்பன் நினைத்தான்.

முப்பத்தோராம் தேதி காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாதித் தலை எண்ணெயோடு அப்படியே எழுந்து ஓடினான்.

"ரஹீமா அக்கா! பெரிய தப்பு நடந்துபோச்சு! அது இரும்பே இல்ல!"

முக்காலி ஆடியது. "இன்னா சொல்ற?"

"இரும்புன்னா துருப்பிடிக்கணும்ல? அது பிடிக்காது. எவர்சில்வரு! டம்ளரு, தட்டு செய்றாங்களே, அந்த ஜாதி. எவர்சில்வர் டம்ளருக்கு எந்த ஜின்னாவது பயப்படுமா, நீயே சொல்லு!"

குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். பக்ருதீன் பல்குச்சியோடு வந்தான். குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்த தங்கபுஷ்பம் வாசலில் நின்றாள். கெங்கம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"யோவ், உனக்குப் பைத்தியமா? வூட்டுக்கு வாய்யா."

"நீ சும்மா இரு."

"எவர்சில்வரும் இரும்புதான் அக்கா!" என்று கெங்கம்மா ரஹீமுன்னிசாவிடம் முறையிட்டாள். "இரும்புல ஒசத்தி இரும்பு. அதான் அவ்ளோ வெலை. இந்த ஆளு பேச்சக் கேக்காதே."

"ஒசத்தியாம் ஒசத்தி! அக்கா, நல்ல இரும்பு வோணும்னா அதோ நிக்கறானே உன் தம்பி, அவன் இடுப்புல தொங்குது பாரு. அது கத்தி! நாலணான்னாலும் அசல் இரும்பு!"

பக்ருதீனின் வாயிலிருந்து பல்குச்சி விழுந்தது.

"இன்னொரு தபா சொல்லு மாமு."

"உன் கத்திதான் கத்தி."

"யாரு கத்தியவிட?"

வேலப்பன் குனிந்துகொண்டு முணுமுணுத்தான். "என் கத்தியவிட."

"கொஞ்சம் சத்தமா. அந்தாண்ட வூட்ல இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"நாப்பது ரூபா கத்தியவிட நாலணா கத்தி ஒசத்தி! போதுமா?"

ரஹீமுன்னிசா விஷயத்தை வாய்ப்பேச்சில் முடிக்கிறவள் இல்லை. ஒரு சட்டியில் உப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தம்பியின் கத்தியை ஒரு பக்கம், சீமைக் கத்தியை விரித்து ஒரு பக்கம் போட்டு, தட்டால் மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் பாக்கலாம். அதுவரைக்கும் அந்த வெட்டுக்கத்தி தலமாட்டுல இருக்கட்டும்."

அந்த ஒன்றரை நாளும் கெங்கம்மா அவனோடு பேசவில்லை. சோற்றை மட்டும் சத்தமாக வைத்தாள். வேலப்பனோ, சந்தோஷத்தில் எதையும் கவனிக்கவில்லை. முதல் தேதி சாயங்காலம் கத்தி கையில் வந்ததும் அதை வைத்து என்ன செய்வது என்றும் தீர்மானித்துவிட்டான். கொட்டகையில் கிழிந்து ஒதுக்கிய கெட்டித் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை வாங்கி வந்திருந்தான். அருவாமனையால் அதைத் தொடக்கூட முடியாது. ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது. உருப்படியான வேலைதான், ஒழுகும் கூரைக்குப் போடலாம்.

முதல் தேதி சாயங்காலம் சட்டியைத் திறந்தார்கள். பக்ருதீனின் கத்தி செம்மண் நிறமாக, பார்க்கவே பக்தி வருகிற மாதிரி துரு ஏறியிருந்தது. ஜெர்மன் கத்தி நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளவென்று சிரித்தது.

"தௌபா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ரஹீமுன்னிசா. "இவ்ளோ நாளா ஒரு டம்ளரத் தலமாட்டுல வெச்சிகினு இருந்தோமே!" சீமைக் கத்தியை இரண்டு விரலால் எடுத்து வேலப்பன் கையில் போட்டாள். நாலணாக் கத்தியை முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, உள்ளே கொண்டுபோனாள். பக்ருதீன் மாப்பிள்ளை மாதிரி அவள் பின்னால் நடந்தான்.

வேலப்பன் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தன் வாசலுக்கு வந்தான். "கெங்கா! தார்ப்பாயை எடுத்தா!"

கெங்கம்மா கதவருகே நின்றாள். தலையில் கையை வைத்திருந்தாள். அவள் பார்வை அவனைத் தாண்டித் தெருவில் இருந்தது. அங்கே ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வால்டர் துரை இறங்கினார்.

"வேலப்பா! நாளைக் காலையில ஷிப் மேன். உனக்கு குட்பை சொல்ல வந்தேன். கத்தி அங்கே மாட்டிக்கிச்சு, ஃபார்ட்டி டேஸ் ஆவும்னு உன் மிஸஸ் போன வாரமே ஆபீஸ் கேட்டுல வந்து சொல்லிட்டாங்க. போகட்டும், எனக்கு லக் இல்லே..." பேசிக்கொண்டே வந்தவர் அவன் கையைப் பார்த்தார். "ஓ! இங்கேதான் இருக்கா!"

"இருங்க தொரை, ஒரு நிமிசம்." வேலப்பன் அவசரமாகத் தார்ப்பாயை விரித்து, கத்தியைக் குத்தி இழுத்தான். ஒரு சாண்கூடப் போகவில்லை. தார்ப்பாயின் தார் அலகு முழுக்க அப்பிக்கொண்டு, கத்தி அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை இழுத்தான். தார்ப்பாய் கத்தியோடு சேர்ந்து வந்தது. குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"நேத்து நீயே சொன்னியே மாமு," என்றது ஒரு குரல், பக்ருதீன் வீட்டு ஜன்னலிலிருந்து, "எது கத்தின்னு!"

சொன்ன சொல் சொல்தான். வேலப்பன் மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைத்தான். அலகுகளை ஒவ்வொன்றாக மடக்கினான். கடைசி அலகை மட்டும் இரண்டு தடவை திறந்து மூடினான். பிறகு கொடுத்துவிட்டான். துரை நாலு பத்து ரூபாய் நோட்டை அவன் கையில் வைத்து, முதுகில் தட்டி, "அங்கே முதல் மீன் பிடிச்சதும் உன்னை நினைப்பேன் மேன்" என்று சொல்லி ரிக்‌ஷாவில் ஏறினார்.

நோட்டுகளைக் கெங்கம்மாவிடம் நீட்டினான். அவள் எண்ணவில்லை. வாங்கி, அவன் முகத்தையும் பார்க்காமல், உள்ளே போய்ப் பானையில் போட்டாள். பானை மூடி 'டணார்' என்றது.

வெந்நீர்ப் பானையோடு குழாயடிக்கு வந்த தங்கபுஷ்பம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராயபுரம் வந்து இருபது வருஷமாகியும் அவள் பேச்சு மாறவில்லை.

"பாத்தீங்களாம்மா?" என்றான் வேலப்பன். "ஜெயிச்சது அவ. பணமும் கைக்கு வந்துடுச்சு. நாளைக்கே மிஷினு வாங்கலாம். அப்பவும் மூஞ்சியில ஒரு சிரிப்பு கீதா பாருங்க!"

தங்கபுஷ்பம் பானையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"இரும்புன்னா ஒரு பழைய ஆணி போதும்னு எனக்குத் தெரியாதாய்யா? வால்டர் தொரை கப்பல் ஏறுத வரைக்கும் அந்தக் கத்திக்கு எங்கயாச்சும் ஒரு வேலை போட்டுக் குடுங்கம்மான்னு எங்கையப் பிடிச்சுக் கேட்டவளே உம் பொண்டாட்டிதானே!"